மணலில் பாடம் நடத்திய ஆண்ட்ரூ பெல்

பள்ளிகளில் கணினி புகுந்த பின், பிள்ளைகள் கருவியால் கற்கிறார்களா, கூட இருப்பவரால் கற்கிறார்களா என்று அறிஞர்கள் ஆராய்ந்து வருகின்றனர். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இவ்வினாவுக்குச் சென்னை எழும்பூரில் விடை தேடியவர் ஆண்ட்ரூ பெல். அவர் கையாண்ட கருவியோ, மரக்காணத்து உப்பளக் கரையில் வளரும் நமக்கு நன்கு பழகிய மணல்தான்!

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1753-ஆம் ஆண்டு நாவிதர் ஒருவரின் மகனாகப் பிறந்தார் பெல். ஆங்கிலிக்கன் திருச்சபையின் குருவாகி, 1787-இல் சென்னை வந்து சேர்ந்தார். 1789-இல் எழும்பூரில் தொடங்கப்பெற்ற ராணுவ அனாதைச் சிறுவர் இல்லத்தின் கண்காணிப்பாளரானார். ஐரோப்பியப் படைவீரர்களுக்குப் பிறந்து ஆதரவற்று நின்ற சிறுவர்கள் அவர்கள். அப்பணிக்கு அவர் ஊதியம் பெறவில்லை.

ஒருநாள் காலை குதிரைமேல் செல்லுகையில், நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் தரையில் அமர்ந்து விரலால் மணலில் எழுதுவதைக் கண்ணுற்றார். தம் இல்லத்திலும் அரிச்சுவடி வகுப்பை அவ்வாறே நடத்தப் பணித்தார். உதவி ஆசிரியரோ அது ஆகாத காரியம் என்று கைவிரித்துவிட்டார். பெல் சளைக்கவில்லை, ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் வகுப்பை ஒப்படைத்தார். ஆசிரியர் முடியாதென்றதை அவன் முடித்துக் காட்டினான். நாளடைவில் மற்ற வகுப்புகளும் மாணவர் கைக்கு வந்தன. அன்றாடம் படித்த அளவைப் பதிவேட்டில் குறிக்கவும் ஏற்பாடு செய்தார் பெல். மணலில் பிழையை அழித்தெழுத நொடிப்பொழுது போதும், காகிதச் செலவும் இல்லை. ஆயினும் வெற்றியின் பெரும்பங்கு மணலுடையதன்று, பிள்ளைக்குப் பிள்ளையே ஆசிரியனாவதில்தான் உள்ளது என்று அவர் கண்டார்.

1796-இல் தாயகம் திரும்பி, மறு ஆண்டே தம் சோதனையை லண்டனில் நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்னும் பெயரில் அது பரவிற்று. 1832-இல் அவர் மறைந்தபோது ஏறக்குறைய 12,000 பள்ளிகள் அம்முறையைப் பின்பற்றின. அவரை வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்தனர். மணலெழுத்தும் சட்டாம்பிள்ளையும் நம் திண்ணைப் பள்ளிகளில் வழிவழியாக இருந்தவையே. பெல்லுக்கு வழிகாட்டிய அந்த நாட்டு வாத்தியாரின் பெயரைத்தான் எவரும் எழுதி வைக்கவில்லை!

1999-இல் புதுதில்லி கால்காஜியில் சுகதா மித்ரா ஒரு சுவரில் கணினியைப் பதித்து வைத்தார். ஆசிரியர் எவருமில்லை. சிறிது கற்ற பிள்ளை அடுத்த பிள்ளைக்குக் காட்டிக் கொடுத்தது. அப்படியானால் ஆசிரியரே வேண்டாவா என்ற வாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. எழும்பூரிலோ, ஃபிரிஸ்கன் பாடம் நடத்திய நாள்களில் பெல் அவனைக் கண்காணித்துக்கொண்டுதான் இருந்தார்.