இராமலிங்க அடிகளும் வடலூர்ப் பெருவெளியும்

பீங்கான் சூளைகளாற் பெயர்பெற்ற விருத்தாசலம் எம் ஊர். தைப்பூசம் அணுகுங்கால் எம் ஊர்ப் பெருவழியிற் கால்நடையாய்ச் செல்லும் மக்களை யாம் சிறு பருவந்தொட்டுக் கண்டு வருகிறோம். முதியவரும் மகளிரும் கைக்குழந்தை ஏந்திய தாய்மாரும் அக்கூட்டத்திற் காணப்படுவர். ஏறக்குறைய 30 கிலோமீட்டர் கிழக்கேயுள்ள வடலூரே அவர்கள் நாடும் இடம். புகைவண்டியும் பேருந்தும் இருக்கவும் இவர்கள் ஏன் நடக்கின்றனர் என்று யாம் பன்முறை வியந்ததுண்டு. அவர்கள் சென்று சேரும் இடம் நடப்பவர்க்கென்றே ஒருவர் விட்டுச்சென்ற வெளிநிலம் என்பதைப் பின்னரே அறிந்தோம். அவ்வொருவர் வரலாற்றையும், அந்நிலத்துக்கு நேர்ந்த இடுக்கணையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம். யாம் கிறிஸ்து நெறியில் வளர்ந்தோம். அடிகளின் சமயக் கருத்துக்களை ஆராய்தற்கு எமக்குத் தகுதியில்லை. ஆயினும் பசித்தவர்க்குச் சோறிட்ட ஒருவர் வரலாறு எந்நெறியார்க்கும் உரியதன்றோ?

சிதம்பரத்துக்கு அணித்தாயுள்ள மருதூர் என்னும் சிற்றூரில், இராமையா பிள்ளை என்பார்க்கும் சின்னம்மையார்க்கும் ஐந்தாம் மகவாய், 1823ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் இராமலிங்கர் பிறந்தார். தந்தையார் அவ்வூர்க் கணக்கர். பெற்றோர் கைக்குழந்தையைச் சிதம்பரம் கோயிலுக்குக் கொண்டு சென்றபோது, திருச்சிற்றம்பலத்தின் திரை தூக்கப்பட, யாதுமில்லா வெளியைக் கண்டு குழந்தை நகைத்தது என்று அடியார் கூறுவர். அது நிகழ்ந்தவாறு எதுவாயினும், திரையும் வெளியும் அவர் வாழ்வின் இறுதிவரை உடன் வந்தன என்பது மெய்.

சில திங்களில் தந்தையார் மறைந்தார். சின்னம்மையார் மக்களோடு பொன்னேரிப் பக்கத்திற் சிறிது காலம் தங்கி, பின் சென்னையை அடைந்து ஏழுகிணற்றுப் பகுதியிற் குடியேறினார். மூத்தவராகிய சபாபதியார் புராணச் சொற்பொழிவாற் பொருளீட்டிக் குடும்பம் காத்தார். அவர் தம் இளவலைக் காஞ்சிபுரம் சபாபதி முதலியாரிடம் கல்வி கற்க விடுத்தார். பிள்ளையோ ஏட்டை விடுத்துக் கந்தகோட்டத்தை நாடியது. ஒரு நாள் ஆசிரியர் அங்குச் சென்று, தம் மாணாக்கன் முருகன் திருமுன் நின்று தானே பாடுதலைக் கேட்டு, இவனுக்குக் கற்பிக்க எம்மிடம் யாதுமில்லை என்று கருதி மீண்டார் என்பர்.

அக்காலத்தே இராமலிங்கர் சென்னையிலிருந்து திருவொற்றியூர்க்கு நடந்து சென்று வழிபடும் வழக்கமுடையராயினார். வெண்டுகில் ஒன்றே உடலையும் தலையையும் போர்த்திருக்கும். கடற்கரை ஓரமாகிய அவ்வழியில் நடந்த ஆண்டுகளிலேயே அவர் பாடல்கள் பல தோன்றின. தமக்கையார் மகளை அவர்க்கு மணம் செய்வித்தனர். எனினும் உள்ளம் இல்லறத்திற் படியவில்லை. கல்வியை அவர் புறக்கணித்தவரும் அல்லர். ஒழிவிலொடுக்கம், தொண்டமண்டல சதகம், சின்மய தீபிகை ஆகிய நூல்களைப் பிழை களைந்து பதிப்பித்தார். மனுமுறை கண்ட வாசகத்தை உரைநடையில் இயற்றினார். தமிழ் பயிலும் யாம் அவரை ஏடு காத்தவருள் ஒருவராகவும் எண்ணி வணங்குகிறோம்.

1858ஆம் ஆண்டளவிற் சென்னையின் நெருக்கடி அவர்க்குப் பொறாதாயிற்று. நகரை நீங்கித் தெற்கு நோக்கித் திருப்பதிகள் பலவற்றை வழிபட்டுச் சென்று, சிதம்பரத்தைக் கண்டு, வடலூர்க்கு அண்மையிலுள்ள கருங்குழியில் வேங்கட ரெட்டியார் இல்லத்தில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டு உறைந்தார். எண்ணெய்க்கு மாறாக நீர் வார்க்கப்பட்டும் அவர் எதிரே விளக்கு எரிந்தது என்னும் செய்தி அவ்வூரோடு தொடர்புடையது. அங்கிருந்து அவர் சிதம்பரத்துக்கும் சுற்றூர்களுக்கும் சென்று வருவார். வழிப்போக்கர் பசியை வழியிலே கண்டவர் அவர். பசி என்பது பிற துன்பங்களோடு ஒப்ப வைத்து எண்ணத்தக்கதன்று, உயிரையும் அறிவையும் ஒருங்கே அழிப்பது என்னும் துணிவு அவர்க்கு உண்டாயிற்று. சீவகாருணியம் என்று அவர் வகுத்த ஒழுக்கம் இத்துணிவின்மேல் நிற்பது.

1865ஆம் ஆண்டில் அவர் சன்மார்க்க சங்கத்தை நிறுவினார். சாதி சமய வேறுபாடு கருதாது எவ்வுயிரையும் தம்முயிர்போல் எண்ணுதல் அதன் கொள்கை. கொள்கை உரைப்பதோடு அடிகள் அமையவில்லை; சோறிடும் சாலை ஒன்று காண விழைந்தார். அதற்கு இடம் வேண்டியபோது, வடலூராகிய பார்வதிபுரத்து மக்கள் தம் நிலத்தில் 80 காணியை 1867ஆம் ஆண்டில் அவர்க்கு எழுதிக்கொடுத்தனர். அஃது ஏறத்தாழ 106 ஏக்கர். அரசரும் ஜமீன்தாரும் கொடுத்த கொடை அன்று அது. ஏர் பிடிக்கும் குடிகள் தம் பிள்ளைகட்கு விடவேண்டிய நிலத்தை ஊர்பேர் அறியாத பசித்தவர்க்கு விட்ட கொடை.

இடத்தின் இயல்பையும் ஈண்டு நோக்குதல் வேண்டும். சென்னையிலிருந்து கும்பகோணத்துக்கும் தஞ்சைக்கும் செல்லும் பெருவழியும், கடலூரிலிருந்து விருத்தாசலத்துக்கு வரும் பெருவழியும் வடலூரிற் கூடுகின்றன. நாற்றிசையினின்றும் நடந்து வருவோர் களைத்துச் சேரும் நாற்சந்தியிலே சோற்றுச் சாலை அமைந்தது. 1867 மே 23ஆம் நாள், மண்சுவரும் கூரையுமாக எழுந்த சத்திய தருமச்சாலையில் அடிகள் அடுப்பை மூட்டுவித்தார். அவ்வடுப்பு இன்றுகாறும் அணையாது காக்கப்பட்டு வருகிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பெரும்பஞ்சம் வருதற்கு ஒன்பது ஆண்டுகட்கு முன்பே அது மூட்டப்பட்டது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அவ்வாண்டிலேயே தொழுவூர் வேலாயுத முதலியார் முயற்சியால் திருவருட்பா முதன்முறையாக அச்சேறியது.

பின்னர் அடிகள் மேட்டுக்குப்பத்துக்குப் பெயர்ந்து சித்திவளாகம் எனப்பட்ட மனையில் உறைந்தார். அங்கிருந்தே சத்திய ஞானசபையை எழுப்புவித்தார். எட்டுக் கோணமாய் அமைந்த அச்சபையில் 1872 சனவரி 25ஆம் நாள் தைப்பூசத்தன்று முதல் வழிபாடு நிகழ்ந்தது. ஏழு திரைகள் ஒவ்வொன்றாய் விலக, உள்ளே ஒளி விளங்கும்; மக்கள் புறத்தே நின்று காண்பர். ஆதலின் அச்சபைக்குப் புறத்திலுள்ள நிலமும் ஒரு மண்டபமே என்று கூறலாம். வானமே அதற்குக் கூரை. சபையும் சாலையும் ஒழிய எஞ்சிய பெரும்பரப்பை அடிகள் கட்டடங்களால் நிரப்பினாரல்லர். மக்கள் அதனைப் பெருவெளி என்றே வழங்குவர். சிதம்பரத்தில் வெளியைத் தெய்வமாகக் கண்டவர்க்கு வெளி என்பது வறுமையாகத் தோன்றுமா?

அவர் கருதியதெல்லாம் நிறைவேறிற்று என்று கூறுதல் உண்மையாகாது. உடன் இருந்தோர் ஒழுக்கம் அவர் உள்ளத்துக்கு ஒவ்வாமையால், சபையைப் பூட்டித் திறவுகோலைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். 1874 சனவரி 30ஆம் நாள் சித்திவளாகத்தின் ஓர் அறையுட் புகுந்து கதவை அடைப்பித்தார். பின்னர் அதிகாரிகள் வந்து திறந்தபோது அறை வெறுமையாய் இருந்தது என்பர். தென்னார்க்காடு மாவட்டத்தைப்பற்றிக் கார்ஸ்டின் துரை தொகுத்து 1878இல் வெளிவந்த நூலிலும் அடிகள் மறைவு இடம்பெற்றது. அவர் தமக்கென விட்டுச்சென்ற பொருள் யாதுமில்லை. பிறர்க்கென விட்டவை சில பாடல்களும், ஓர் அடுப்பும், ஒரு விளக்கும், ஒரு வெளியுமே.

வெளியைக் காத்தல் ஒரு தொண்டு என்பதை அக்காலத்தில் உலகின் வேறொரு பகுதியும் உணரத் தொடங்கியிருந்தது. அடிகள் சங்கம் கண்ட அதே 1865ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் பொதுநிலங்களைக் காக்க ஒரு சங்கம் தோன்றிற்று. அந்நாட்டில் ஊரார் ஆடு மேய்த்தும் விறகு பொறுக்கியும் உலாவியும் வந்த நிலங்களைச் செல்வர் வேலியிட்டு வளைத்து வந்தனர். 1866இல் பெர்க்காம்ஸ்டட் என்னும் ஊரில் அவ்வாறு இட்ட இரும்பு வேலியை, அகஸ்டஸ் ஸ்மித் என்பார் இலண்டனிலிருந்து ஆட்களை வருவித்து ஒரே இரவிற் பிடுங்கி எறிவித்தார். பின்னர் நீதிமன்றமும் ஊரார் உரிமையை நிலைநாட்டிற்று. ஆக்டேவியா ஹில் என்னும் அம்மையார், இலண்டன் ஏழைகள் உலாவும் புல்வெளி ஒன்றை 1875இல் காக்க முயன்று தோற்றார், அந்நிலம் வீடுகளாயிற்று. தோல்வியிற் சோராது, வேறு இருவரோடு கூடி 1895இல் தேசிய அறக்கட்டளையை நிறுவினார். அந்நாட்டின் கடற்கரைப் பாதைகளும் மலைப்பாதைகளும் பல இன்று நடப்பார்க்குத் திறந்து கிடத்தற்கு அவ்வறக்கட்டளை ஒரு காரணம். ஆங்கிலேயர் தமக்கு வழக்கத்தால் வந்த உரிமையைக் காத்தனர். பார்வதிபுரத்தாரோ தமக்கு உரிமையான நிலத்தையே பிறர்க்கு ஈந்தனர். இவ்வேறுபாடு எம் நெஞ்சை நெகிழ்விக்கிறது.

இனி அந்நிலத்துக்கு நேர்ந்ததைக் கூறுவாம். 80 காணியில் ஒரு பகுதி காலப்போக்கில் ஆக்கிரமிப்பிற் போயிற்று. எஞ்சிய பெருவெளியில், வள்ளலார் பன்னாட்டு மையம் ஒன்றை நூறு கோடி ரூபாயை ஒட்டிய செலவிற் கட்டத் தமிழ்நாட்டு அரசு திட்டமிட்டு, 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிற்று. ஏப்ரல் திங்களிற் கடைக்கால் தோண்டத் தொடங்கியபோது, பார்வதிபுரத்து மக்கள் திரண்டு சென்று குழிகளில் இறங்கி நின்று தடுத்தனர். வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்தை அடைந்தது. தொல்லியல் துறையினர் அவ்விடத்தை ஆராயவும் நேர்ந்தது.

இரு திறத்தார் கருத்தையும் நடுநின்று நோக்குதல் எம் கடன். அரசின் நோக்கம் அடிகளைச் சிறப்பிப்பதே. அவர் கொள்கையை உலகறியச் செய்தலும், வருவோர்க்கு வசதி அளித்தலும் நன்றே. நிலத்தின் சிறு பகுதியே கட்டடத்துக்கு வேண்டும் என்பதும் அவர்தம் உரை. மறுதிறத்தாரும் மையம் வேண்டா என்றாரல்லர். வேறிடத்தில் அமைக என்றே வேண்டினர். குழியில் இறங்கி நின்றோர் தம் முன்னோர் நிலத்தைத் தமக்கே மீட்டுக்கொள்ள நின்றவரல்லர். அது வெளியாகவே இருத்தல் வேண்டும் என்று நின்றவர். கொடுத்தவர் வழிவந்தோர் பொருளைக் கேளாது கொடையின் நோக்கத்தை மட்டும் கேட்பராயின், அக்குரலுக்குச் செவிசாய்த்தல் அறம் என்பது எம் எளிய கருத்து. சிறு பகுதி என்னும் சொல்லையும் யாம் அஞ்சுகிறோம். வழிகளும் வெளிகளும் ஒரே நாளில் அழிவதில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு சிறு பகுதியே போகிறது. எம் ஊர்ப்புறத்தில் யாம் சிறுவராய் ஓடித்திரிந்த ஒற்றையடிப் பாதை ஒன்று, மனைப்பிரிவுக் கற்கள் ஒவ்வொன்றாய் நடப்பட்டு, இன்று ஒரு சுற்றுச்சுவரின் அடியில் முடிகிறது. அதனை இழந்த நாள் எதுவென்று ஊரில் எவரும் அறியார்.

எம் ஊர்ச் சூளைத் தொழிலாளர் ஒன்று சொல்லக் கேட்டிருக்கிறோம். பூச்சிட்ட பாண்டங்களைச் சூளையில் அடுக்குங்கால் ஒன்றோடொன்று தொடாதபடி இடம் விடுதல் வேண்டுமாம். இடம் வீணாகிறதே என்று நெருக்கி வைத்தால், வெப்பத்தில் பூச்சு உருகி ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும், இரண்டும் கெடும். அனல் உலவுதற்கும் இடைவெளி வேண்டும். பாண்டங்களுக்கு இடையே விட்ட வெற்றிடத்தை வீண் என்று எந்தச் சூளைக்காரரும் எண்ணார்.

மாணவ நண்பர்களே! விருத்தாசலத்தினின்றும் வடலூர் எட்டிவிடும் தொலைவே. வரும் தைப்பூசத்தில் இயன்றவர் நடந்து சென்று காண்பீராக. பொழுது புலருமுன் பல்லாயிரவரோடு வெறுநிலத்தில் நின்று, திரை விலகுதலை நோக்கியிருப்பீராக. அங்கு எவர் எச்சாதியார், எச்சமயத்தார், எவ்வளவு பொருளுடையார் என்று கேட்பார் இல்லை. காலூன்ற இடம் எல்லார்க்கும் உண்டு. அவ்விடத்தை ஏர்ப்பிடித்த கைகள் கொடுத்தன. ஒரு துறவி அதனை நிரப்பாது விட்டார். அது போலவே நம் ஊர்களில் எஞ்சியுள்ள ஏரிக்கரை, மந்தைவெளி, ஒற்றையடிப் பாதை ஆகியவற்றின் அளவையும் பெயரையும் அறிந்து வைப்போமாக. அறியாத ஒன்றை எவராலும் காத்தல் இயலாது. அடிகள் மூட்டிய அடுப்பு எரிக. அவர் விட்ட வெளி வெளியாகவே விளங்குக!