ஆசிரியரின் ஏடும் மாணவரின் தேடலும்

நுழையும்முன்

ஒருவர் எந்த நூல்களை விரும்பிப் படிக்கிறார் என்பது பெரும்பாலும் அவருடைய ஆசிரியரைப் பொறுத்து அமைகிறது. ஆசிரியர் சுவைத்தவற்றை மாணவரும் சுவைக்கிறார். ஆயினும், ஆசிரியர் காட்டிய நூல்களோடு படிப்பு முடிந்துவிடுவதில்லை. தமிழ்த் தாத்தா என்று போற்றப்படும் உ.வே. சாமிநாதையரின் வாழ்க்கை இவ்வுண்மையை உணர்த்துகிறது.

இசையா, தமிழா?

திருவாரூர் மாவட்டத்தில் பாபநாசத்திற்கு அருகில் உத்தமதானபுரம் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரைச் சேர்ந்த வேங்கடசுப்பையர் இசையில் வல்லவர். ஊர்தோறும் சென்று இராமாயணச் சொற்பொழிவு செய்து குடும்பத்தைக் காத்தவர். அவருடைய மகனாக 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் சாமிநாதையர் பிறந்தார். மகனும் தம்மைப் போல இசைப்புலவனாக வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். சிறுவர் சாமிநாதனுக்கு இசை பிடித்திருந்தது. ஆனால் தமிழ்ப் பாடல்களின்மீது அதனினும் மிகுந்த பற்று ஏற்பட்டது.

அக்காலத்தில் அச்சிட்ட நூல்கள் அரியவை. ஓரூரில் ஒருவரிடம் ஒரு நூல் இருக்கும். அதற்குப் பொருள் சொல்ல வல்லவர் வேறோர் ஊரில் இருப்பார். எனவே நல்லாசிரியரை நாடிக் குடும்பமே ஊர்விட்டு ஊர் சென்றது. அரியலூரிலும் குன்னத்திலும் செங்கணத்திலும் வாழ்ந்த புலவர்கள் தமக்குத் தெரிந்தவற்றைக் கற்பித்தனர். கற்கக் கற்கச் சாமிநாதனின் வேட்கை வளர்ந்ததேயன்றித் தணியவில்லை. இறுதியில் மாயூரத்தில் வாழ்ந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தந்தை அவரை அழைத்துச் சென்றார்.

நூலைத் தேடிய ஆசிரியர்

மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் நூல்களைத் தேடித் தேடிப் படித்தவரே. இளமையில் அவர் திருச்சிராப்பள்ளியில் வாழ்ந்தபோது, தண்டியலங்காரத்தை நன்கு அறிந்த பரதேசி ஒருவர் அவ்வூரில் பிச்சையெடுத்து வந்தார். அணி இலக்கணம் கூறும் அந்நூலைக் கற்பிப்பவர் வேறு எவரும் அங்கு இல்லை. பிள்ளை அப்பரதேசியின் பின்னே சென்று, பணிவிடை செய்து, அவருடைய மனம் மகிழ்ந்த வேளைகளில் நூலைப் பாடங்கேட்டார். கற்பிப்பவரின் தோற்றத்தையோ நிலையையோ அவர் பார்க்கவில்லை. அவரிடமிருந்த கல்வியையே பார்த்தார்.

பின்னாளில் அவர் பாடாத நாள் இல்லை என்னும்படி தலபுராணங்களும் அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ் நூல்களும் இயற்றினார். அவர் வாய்மொழியாகப் பாடல்களைச் சொல்லிக்கொண்டே செல்வார். மாணவர் எழுத்தாணி கொண்டு பனையோலையில் எழுதுவார். அத்தகைய சிற்றிலக்கியங்களையும் புராணங்களையுமே அவர் மாணவர்களுக்கு விரும்பிக் கற்பித்தார். சாதி, சமய வேறுபாடு கருதாமல், நாடி வந்தவர்களுக்கெல்லாம் கல்வியை வழங்கினார்.

தளிர் தேடிய மாணவர்

தொடக்கத்தில் மூத்த மாணவர் ஒருவரே சாமிநாதனுக்கு நைடதம் என்னும் நூலைக் கற்பித்தார். புகழ்பெற்ற ஆசிரியரிடமே நேராகப் பாடங்கேட்க வேண்டும் என்று ஏங்கிய மாணவருக்கு அதனைக் கேட்கத் துணிவில்லை. ஆசிரியர் தம் வீட்டுத் தோட்டத்தில் மரங்களை நட்டு, நாள்தோறும் விடியற்காலையில் அவற்றில் புதிய தளிர் தோன்றியுள்ளதா என்று ஆவலோடு பார்ப்பதைச் சாமிநாதன் கவனித்தார். ஆசிரியர் வருமுன்பே எழுந்து சென்று, தளிர்விட்ட இடங்களைக் கண்டு வைத்து அவருக்குக் காட்டத் தொடங்கினார். ஆசிரியரின் அன்பு மாணவர்பால் திரும்பியது. அதன்பின் தம் விருப்பத்தை மெல்ல எடுத்துரைத்து, அவரிடமே பாடங்கேட்கும் பேற்றினைப் பெற்றார்.

ஒன்றில் மட்டும் இருவர் விருப்பமும் வேறுபட்டது. மாயூரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சாமிநாதன் இசை பயின்று வந்தார். இசையில் மனம் சென்றால் இலக்கியப் பயிற்சி குறையும் என்று ஆசிரியர் கருதினார். அதை அறிந்த மாணவர் இசைப் பயிற்சியை நிறுத்திவிட்டார். ஆயினும் கற்ற இசை வீணாகவில்லை. பிற்காலத்தில் வகுப்பில் செய்யுட்களை இராகத்தோடு பாடிப் பொருள் கூறியபோது, மாணவர்கள் அவருடைய பாடத்தை விரும்பிக் கேட்டனர்.

ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் சாமிநாதையர் ஆசிரியருடன் மாயூரத்திலும் திருவாவடுதுறையிலும் பிற ஊர்களிலும் தங்கிக் கற்றார். 1876ஆம் ஆண்டில் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இவ்வுலக வாழ்வை நீத்தார். இறுதி வேளையில் அவர் கேட்க விரும்பியது திருவாசகம். அதன் அடைக்கலப் பத்தைச் சாமிநாதையரே அருகில் அமர்ந்து வாசித்தார்.

ஒரு வியாழக்கிழமை

1880ஆம் ஆண்டு சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள், வியாழக்கிழமை, அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். முதலியார் அவரை நோக்கி, யாரிடம் கற்றீர் என்றும், என்னென்ன நூல்களைப் படித்தீர் என்றும் வினவினார். சாமிநாதையர் தாம் கற்ற அந்தாதிகள், கலம்பகங்கள், கோவைகள், உலாக்கள், பிள்ளைத்தமிழ் நூல்கள் ஆகியவற்றை வரிசையாகக் கூறினார். முதலியார் முகத்தில் வியப்போ மகிழ்ச்சியோ தோன்றவில்லை. பெரியபுராணத்தையும் கம்பராமாயணத்தையும் சொல்லியும் அவர் நிறைவடையவில்லை.

பின்னர், சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகிய பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று முதலியார் கேட்டார். சாமிநாதையர் அவற்றைப் படித்ததில்லை. அவருடைய ஆசிரியரும் அவற்றைக் கற்பித்ததில்லை. இத்தனை நூல்களைக் கற்றிருந்தும், தம் மொழியின் மூத்த நூல்களை அறியாதிருப்பது அன்றுதான் அவருக்குப் புலனாயிற்று. தாம் போற்றிய கல்வியை ஒருவர் பொருட்படுத்தவில்லையே என்று அவர் மனம் வருந்தியது. ஆனால் அவர் சினந்து விலகவில்லை. தெரிந்ததுபோல் நடிக்கவும் இல்லை. நூல் கிடைத்தால் படித்துப் பொருள் சொல்ல முயல்வதாகக் கூறினார். முதலியார் தம்மிடமிருந்த சீவக சிந்தாமணிப் படியை அவரிடம் கொடுத்தார்.

மீண்டும் மாணவர்

திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணி ஒரு சமணக் காப்பியம். அதிலும் நச்சினார்க்கினியர் எழுதிய உரையிலும் சமண சமயச் செய்திகள் பல வந்தன. அவை சைவ நூல்களையே பெரிதும் கற்ற சாமிநாதையருக்கு விளங்கவில்லை. கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களைத் தேடிச் சென்றார். ஓர் இல்லத்தில் கோலமும் தோரணமும் கண்டு, இன்று என்ன விழா என்று வினவினார். பல நாட்களாகத் தாங்கள் படித்து வந்த சிந்தாமணி அன்று நிறைவெய்தியதைக் கொண்டாடுவதாக அவர்கள் கூறினர். தாம் பொருள் தெரியாமல் தடுமாறிய நூலை, சில குடும்பத்தார் வீட்டிலிருந்தே வழிவழியாகப் போற்றிப் படித்து வருவதை அறிந்து வியந்தார். கல்லூரி ஆசிரியராகிய அவர், தம் ஐயங்களையெல்லாம் அவர்களிடம் ஒரு மாணவரைப் போலவே கேட்டுத் தெளிந்தார்.

அவ்வுரையில் வேறு பல நூல்களின் அடிகள் மேற்கோளாக வந்தன. அவை எந்நூல்களுக்கு உரியவை என்று தேடியபோது, திருவாவடுதுறை மடத்தில் சங்க நூல்களின் ஏடுகள் கிடைத்தன. ஆசிரியருடன் தங்கி அவர் கற்ற அதே மடத்தில், எவரும் படிக்காமல் அவை கட்டுண்டு கிடந்தன!

அதுமுதல் சாமிநாதையர் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தார். பல இடங்களில் ஏடுகளைச் செல்லரித்திருந்தது. சில இடங்களில் அவை ஆற்றில் விடப்பட்டும் நெருப்பில் இடப்பட்டும் அழிந்திருந்தன. கிடைத்தவற்றை ஒப்பிட்டு, பிழை நீக்கி, குறிப்புகளுடன் அச்சிட்டார். 1887இல் சீவக சிந்தாமணி வெளிவந்தது. 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் தொடர்ந்தன.

மறவாத மாணவர்

தம் ஆசிரியர் கற்பிக்காத நூல்களால் புகழ்பெற்ற சாமிநாதையர், ஆசிரியரை ஒருநாளும் குறைவாக எண்ணவில்லை. ஏடு படிக்கவும், செய்யுளின் பொருளை நுணுகி அறியவும், ஒரு நூலுக்காகக் காத்திருக்கவும் பழக்கியவர் அவரே அன்றோ? மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றை இரண்டு பாகங்களாக எழுதி வெளியிட்ட பின்னரே, தம் வரலாற்றை ஆனந்த விகடன் இதழில் தொடராக எழுதத் தொடங்கினார். அது நிறைவுறுமுன், 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் மறைந்தார். அவர் தேடிச் சேர்த்த ஏடுகளும் நூல்களும் சென்னை பெசன்ட் நகரில் அவர் பெயரால் அமைந்த நூல்நிலையத்தில் இன்றும் காக்கப்படுகின்றன.

சொல்லும் பொருளும்

வேட்கை – மிகுந்த விருப்பம்
பரதேசி – ஊர் ஊராகச் சென்று இரந்து வாழ்பவர்
எழுத்தாணி – ஓலையில் எழுதும் கருவி
முன்சீப் – உரிமை வழக்குகளை விசாரிக்கும் நீதிபதி
செல்லரித்தல் – கறையான் அரித்தல்

பயிற்சி

1. மீனாட்சிசுந்தரம் பிள்ளை தண்டியலங்காரத்தை எவ்வாறு கற்றார்?
2. சாமிநாதன் தளிர்களைத் தேடியது ஏன்?
3. சமணர் இல்லத்தில் சாமிநாதையர் கண்டு வியந்தது யாது?
4. இராமசாமி முதலியாரின் வினாக்களைக் கேட்டபின் சாமிநாதையர் நடந்துகொண்ட முறையைப் பற்றி உம் கருத்தை எழுதுக.
5. உம் வீட்டில் உள்ள தமிழ் நூல்களின் பெயர்களைக் கேட்டறிந்து எழுதுக. அவற்றுள் ஒன்றைப் பெற்றோர் அல்லது பாட்டி, தாத்தாவின் துணையோடு சில பக்கங்கள் படித்து, வகுப்பில் கூறுக.