டொம் மான்: சங்கத்தின் கதவைத் திறக்கச் சொன்னவர்

மே தினம் வந்தால் எட்டு மணிநேர வேலையைப் பற்றிப் பேசுகிறோம். அதற்காகப் பிரித்தானியாவில் பாடுபட்ட டொம் மானைப் பற்றி நமது சமூகத்தில் தொழில் நடத்துவோர் அறிந்திருக்க வேண்டும் என நான் நினைக்கிறேன்.

1856 இல் கொவென்ட்ரிக்கு அருகே பிறந்த அவர், சிறு வயதிலேயே தாயை இழந்தார். பத்து வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. சுரங்கம் மூடப்பட்டதும் குடும்பம் பர்மிங்ஹாமுக்குச் சென்றது. அங்கு இயந்திரக் கருவிகள் செய்யும் தொழிலைப் பழகினார். 1871 இல் நியூகாசில் பொறியியல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து ஒன்பது மணிநேர வேலைநாளை வென்றனர். அது பர்மிங்ஹாமுக்கும் வந்தபோது, மிஞ்சிய மாலை நேரத்தை மான் படிப்பதற்குச் செலவிட்டார். ஓய்வு நேரத்தின் பெறுமதியை அவர் ஏட்டில் அறியவில்லை, அனுபவித்தே அறிந்தார்.

1881 இல் ஒருங்கிணைந்த பொறியியலாளர் சங்கத்தில் சேர்ந்தார். 1851 இல் தோன்றிய அச்சங்கம், மறுவருடமே முதலாளிமாரின் கதவடைப்பைத் தாங்கி நின்றது. வாரச் சந்தா ஒரு ஷில்லிங். வேலை போனாலும் நோய் வந்தாலும் முதுமையிலும் உறுப்பினருக்கு உதவித்தொகை கிடைத்தது. ஆனால், முறையாகத் தொழில் பழகியோருக்கு மட்டுமே அங்கு இடம். அருகில் நின்று பாரம் தூக்கியவனுக்கு இடமில்லை.

மான் இதை ஏற்கவில்லை. 1889 இல் லண்டன் துறைமுகத்தின் நாட்கூலிகளோடு நின்று, மணிக்கு ஆறு பென்ஸ் கூலியை வென்றெடுக்க உதவினார். 1892 இல் சொந்தச் சங்கத்தின் பொதுச் செயலாளர் தேர்தலில் தோற்றார். எனினும் அவ்வருடமே சங்கம் விதிகளைத் தளர்த்தி மேலும் பல பிரிவினரைச் சேர்த்தது. 1897 இல் எட்டு மணிநேரக் கோரிக்கைக்கு முதலாளிமார் கதவடைப்பால் பதிலளித்தனர், சங்கம் தோற்றது. 1912 இல், வேலைநிறுத்தக்காரரைச் சுட வேண்டாமெனப் படைவீரரைக் கேட்ட பிரசுரம் தொடர்பாக மான் சிறை சென்றார். 1919 இல் அதே சங்கம் அவரைப் பொதுச் செயலாளராக்கியது. மறுவருடம் வேறு பல சங்கங்களும் அதனுடன் இணைந்தன. 1941 இல் அவர் மறைந்தார். பெண்களுக்கு அச்சங்கத்தின் கதவு திறந்தது 1943 இல்தான்.

கூலியைத் தாமதிக்காமல் கொடுக்க வேண்டும் என்பதைக் குத்பாக்களில் கேட்கிறோம். ஆனால் நமது கராஜ்களிலும் லேத் பட்டறைகளிலும் வேலை பழகும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு நியமனக் கடிதம் இருக்கிறது? எத்தனை பேரின் பெயர் ஊழியர் சேமலாப நிதியில் பதியப்பட்டிருக்கிறது? சங்கம் அமைப்பது அவர்களது உரிமை. அதுவரை காத்திராமல் இவ்விரண்டையும் செய்து கொடுப்பது முதலாளிகளான நமது கடமை என்பதே என் கருத்து.