கதவடைத்து ஆடிய ஆட்டமும் காலந்தாழ்த்திக் கிடைத்த கௌரவமும்

கூடைப்பந்தாட்டத்தை 1891 ஆம் ஆண்டில் உருவாக்கியவர் ஜேம்ஸ் நைஸ்மித் என்பது விளையாட்டு ஆர்வலர்கள் அறிந்த செய்தியாகும். ஆனால் அவரிடமே நேரடியாகப் பாடம் கற்ற மாணவர் ஒருவருக்கு, அவர் பணியாற்றிய பல்கலைக்கழகத்தின் அணியில் ஆடும் வாய்ப்பு மறுக்கப்பட்டிருந்தமை பலர் அறியாததாகும். அந்த மாணவர் கறுப்பினத்தவர் என்பதே அதற்கான ஒரே காரணம். பிற்காலத்தில் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தாட்டத்தின் போக்கையே மாற்றியமைத்த பயிற்றுவிப்பாளர் ஜோன் மக்லெண்டனே அவராவார்.

1915 ஏப்ரல் 5 ஆம் திகதி கன்சாஸ் மாநிலத்தின் ஹயவாதா நகரில் பிறந்த மக்லெண்டன், கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வித்துறை மாணவராகச் சேர்ந்தார். அங்கு அவர் இறங்கிய நீச்சல் தடாகத்தின் நீர் உடனடியாக வெளியேற்றப்பட்டது. எனினும் அவர் பின்வாங்கவில்லை. நைஸ்மித்தின் ஆதரவும் அவருக்கு இருந்தது. இறுதியில் அத்தடாகம் சகல மாணவர்களுக்கும் பொதுவாயிற்று. 1936 இல் பட்டம் பெற்ற அவர், அடுத்த ஆண்டு அயோவா பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் பட்டத்தையும் பெற்றார்.

பின்னர் வட கரோலினாவின் டேர்ஹம் நகரில் கறுப்பின மாணவர்களுக்கென இயங்கிய கல்லூரியில் பணியேற்று, 1940 இல் தலைமைப் பயிற்றுவிப்பாளரானார். அப்போது அவருக்கு வயது 25. நிதானமாகப் பந்தைக் கைமாற்றி ஆடுவதே வழக்கமாயிருந்த அக்காலத்தில், பந்து கைக்கு வந்ததும் எதிரணி சுதாரிப்பதற்குள் விரைந்து முன்னேறித் தாக்கும் முறையையும், மைதானம் முழுவதிலும் எதிரணியை நெருக்கித் தடுக்கும் முறையையும் அவர் வளர்த்தெடுத்தார். இன்று உலகெங்கும் ஆடப்படும் வேகமான கூடைப்பந்தாட்டத்தில் அவரது பங்களிப்பு கணிசமானதாகும்.

வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மைதானத்தில் ஆடுவதை அன்றைய தென் மாநிலங்கள் அனுமதிக்கவில்லை. இந்நிலையில், 1944 மார்ச் 12 ஆம் திகதி ஞாயிறு காலை, நகர மக்கள் தேவாலயங்களில் இருந்த வேளையில், டியூக் பல்கலைக்கழக மருத்துவபீடத்தின் வெள்ளையின அணி மக்லெண்டனின் கல்லூரிக்கு இரகசியமாக வந்து சேர்ந்தது. அரங்கின் கதவுகள் பூட்டப்பட்டன. ஆட்டத்தில் மக்லெண்டனின் அணி 88 இற்கு 44 என்ற புள்ளிகள் அடிப்படையில் வென்றது. அதன்பின் இரு தரப்பினரும் ஒருவரோடொருவர் கலந்து, புதிய அணிகளாகப் பிரிந்து மீண்டும் ஆடினர். இது எத்துணை ஆபத்தான காரியம் என்பதை விளங்கிக்கொள்ள ஒரு சம்பவம் போதும். அதே ஆண்டு ஜூலையில் அதே நகரில், பஸ்ஸின் பின் ஆசனத்துக்கு உடனே செல்லாத கறுப்பினப் படைவீரர் ஒருவரைச் சாரதி சுட்டுக் கொன்றார். சாரதி பின்னர் நீதிமன்றத்தினால் விடுவிக்கப்பட்டார். அந்த இரகசிய ஆட்டம் பற்றிய செய்தி 1996 இலேயே பரவலாக வெளியுலகுக்குத் தெரியவந்தது.

1954 இல் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரிலிருந்த கறுப்பினத்தவர் பல்கலைக்கழகமொன்றின் அணியை அவர் பொறுப்பேற்றார். இரு இனத்தவரின் அணிகளும் பங்குபற்றிய தேசிய சுற்றுப்போட்டியில் 1957, 1958, 1959 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அவரது அணியே சம்பியனாகியது. கறுப்பினக் கல்லூரி அணியொன்று இத்தகைய பொதுவான போட்டியில் தேசிய சம்பியனானது அதுவே முதற் தடவை.

1961 இல் கிளீவ்லாண்ட் பைப்பர்ஸ் அணியை வழிநடத்தியதன் மூலம் தொழில்முறைக் கூடைப்பந்தாட்ட லீக் ஒன்றில் முன்னோடிக் கறுப்பினத் தலைமைப் பயிற்றுவிப்பாளர்களில் ஒருவர் என்ற பெருமையையும், 1966 இல் கிளீவ்லாண்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நியமனம் பெற்றதன் மூலம் வெள்ளையரைப் பெரும்பான்மையாகக் கொண்ட பல்கலைக்கழகமொன்றில் அப்பதவியை வகித்த முதலாவது கறுப்பினத்தவர் என்ற பெருமையையும் அவர் பெற்றார். 1968 ஒலிம்பிக் போட்டிகளுக்கான அமெரிக்க அணியின் பயிற்றுவிப்பாளர் குழுவிலும் அவர் இடம்பெற்றார்.

ஆனால் அவருக்குரிய கௌரவம் எளிதில் கிடைத்துவிடவில்லை. தம் ஆசானின் பெயரைத் தாங்கிய கூடைப்பந்தாட்டக் கீர்த்தி மண்டபம் 1979 இல் அவரைச் சேர்த்துக்கொண்டபோதிலும், பயிற்றுவிப்பாளராக அன்றி, விளையாட்டுக்குப் பங்களிப்புச் செய்தவர் என்ற பிரிவிலேயே சேர்த்தது. 1999 ஒக்டோபர் 8 ஆம் திகதி அவர் காலமானார். பயிற்றுவிப்பாளர் என்ற தகுதியில் அதே மண்டபம் அவரை ஏற்றுக்கொண்டது 2016 இல், அதாவது அவர் மறைந்து 17 ஆண்டுகளின் பின்னரே. மூன்று தடவை சம்பியனான அவரது அணிக்கு 2019 இலேயே அங்கு இடம் கிடைத்தது.

மைதானத்தினுள்ளே விதிகள் அனைவருக்கும் சமமானவை. ஆனால் மைதானத்தினுள் நுழையும் வாயில் சிலருக்கு மூடப்பட்டிருக்குமாயின் அந்தச் சமத்துவம் பொருளற்றதாகிவிடும். மக்லெண்டன் வன்மத்தை வளர்க்காமல், அதேவேளை அநீதிக்கு இணங்கியும் போகாமல், தமது திறமையினாலேயே அவ்வாயில்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். ஒரு சமூகம் தன் மத்தியிலுள்ள ஆற்றலாளரை அவர் வாழும் காலத்திலேயே இனங்கண்டு மதிக்கத் தவறுமாயின், அதனால் இழப்புக்குள்ளாவது அந்தத் தனிமனிதர் மட்டுமல்ல, அந்தச் சமூகமுமே என்பதை அவரது வாழ்க்கை உணர்த்துகின்றது.