புற்றுநோய்க்கு எதிராகப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி

புற்றுநோய் வந்தால் சாவுதான் என்று படித்தவர்களும் நம்பிய காலம் அது. அந்த நோய்க்கென்றே சென்னை அடையாறில் ஒரு மருத்துவமனையை எழுப்பியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

1886-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி அய்யர், கல்லூரி முதல்வராக இருந்தவர். தாயார் சந்திரம்மாள், இசை வேளாளர் குலத்தைச் சேர்ந்தவர். பெண்களைப் படிக்க வைப்பதே அபூர்வமாக இருந்த நாளில், ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில் சேர முத்துலட்சுமி மனுப் போட்டார். எதிர்ப்பு கிளம்பியது. புதுக்கோட்டை மன்னர் குறுக்கிட்டு இடம் கொடுத்தார்.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

தங்கையின் மரணம்

1923-ல் அவருடைய தங்கை புற்றுநோய்க்குப் பலியானார். அக்கா டாக்டராக இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. நோய் என்னவென்று தெரிய வந்தபோது காலம் கடந்துவிட்டது. இந்தத் துயரம் அவரை விட்டு நீங்கவே இல்லை.

1925-ல் மேற்படிப்புக்காக லண்டன் சென்றார். புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை அங்கே நடப்பதைக் கண்டார். அதுபோல ஒன்று நம் ஊரிலும் வேண்டும் என்று அப்போதே உறுதி கொண்டார்.

நாடு திரும்பியதும் சென்னை சட்டசபைக்கு நியமிக்கப்பட்டு, 1927-ல் அதன் துணைத் தலைவரானார். தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டார்; 1947-ல் அதற்குச் சட்டம் வந்தது. காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து 1930-ல் பதவியைத் துறந்தார். ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். இத்தனை வேலைகளுக்கு நடுவிலும் புற்றுநோய் மருத்துவமனையை அவர் மறக்கவில்லை.

12 படுக்கைகள்

பிழைக்காத நோய்க்குத் தனி மருத்துவமனை எதற்கு என்ற எண்ணம் அதிகார வட்டாரத்தில் இருந்தது. அம்மையார் சோர்ந்துவிடவில்லை. மாதர் சங்கத்தின் துணையுடன் நிதி திரட்டினார். 1952-ல் பிரதமர் நேரு அடையாறில் அடிக்கல் நாட்டினார். 1954-ம் ஆண்டு ஜூன் 18-ந் தேதி மருத்துவமனை திறக்கப்பட்டது. அப்போது அம்மையாருக்கு வயது 67. இருந்த படுக்கைகள் 12 மட்டுமே.

அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி சிகிச்சைப் பொறுப்பை ஏற்றார். 1955-ல் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். 2021-ல் மறையும் வரை அவர் அந்த மருத்துவமனையை விட்டுப் பிரியவில்லை.

'கரண்ட்' வைத்தியம்

அந்நாளில் கதிர் சிகிச்சைக்கு ரேடியம் பயன்பட்டது. அது யானை விலை விற்றது. இந்த நிலையை மாற்றியது 'கோபால்ட் 60'. சாதாரண கோபால்ட் உலோகத்தை அணு உலைக்குள் வைத்து நியூட்ரான்களால் தாக்கினால் அது கதிர் வீசும் கோபால்ட்டாக மாறும். அதிலிருந்து வரும் காமா கதிர், உடலுக்குள் ஆழத்தில் இருக்கும் கட்டியையும் எட்டும்.

1951-ல் கனடாவில் இந்தச் சிகிச்சை முதன்முதலாகத் தொடங்கியது. சில ஆண்டுகளுக்குள் அங்கிருந்தே ஒரு கோபால்ட் இயந்திரம் அடையாறுக்கு வந்தது. இந்தியாவில் அதுவே முதலாவது. பணக்கார நாடுகளே அப்போதுதான் தொட்டுப் பார்த்த வைத்தியம், அடையாறில் ஏழைக்கும் கிடைத்தது.

நம் மக்கள் இதைக் 'கரண்ட் வைப்பது' என்பார்கள். உண்மையில் இதில் மின்சாரம் உடலில் பாய்வதில்லை. வேகமாகப் பெருகும் புற்றுச் செல்களைக் கதிர் அழிக்கிறது. நல்ல செல்கள் தேறிக்கொள்ள அவகாசம் வேண்டும் என்பதால்தான் சிறிது சிறிதாகப் பல வாரங்கள் கொடுக்கிறார்கள். இப்படி வெளியிலிருந்து கதிர் பெற்றவரின் உடலில் கதிர் தங்குவதில்லை. அவர் வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தாராளமாகத் தூக்கலாம்.

கோபால்ட்டுக்கும் ஆயுள் உண்டு. சுமார் 5¼ ஆண்டுகளில் அதன் வீரியம் பாதியாகிவிடும். அதற்கேற்பச் சிகிச்சை நேரம் நீளும். எனவே சில ஆண்டுகளுக்கு ஒரு முறை புதிய கோபால்ட்டை மாற்றியாக வேண்டும். பிற்காலத்தில் நம் நாட்டு அணு உலைகளிலேயே கோபால்ட் தயாரானது. பாபா அணு ஆராய்ச்சி மையம் 'பாபாட்ரான்' என்ற சிகிச்சை இயந்திரத்தையும் உருவாக்கியது.

ஐதராபாத்திலும்

அடையாறு மருத்துவமனை திறந்த மறு ஆண்டு, 1955-ல், ஐதராபாத்திலும் புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை தோன்றியது. ரெட் ஹில்ஸ் பகுதியில் மெஹ்தி நவாஸ் ஜங் பெயரால் விளங்கும் அரசு மருத்துவமனையே அது. இங்கு வேலை பார்க்கும் தமிழர்கள், சந்தேகம் வந்தால் ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆறாத புண், வலியில்லாத கட்டி, காரணமில்லாத ரத்தப்போக்கு ஆகியவற்றை அலட்சியம் செய்யக் கூடாது. வெற்றிலையுடன் புகையிலை போடுகிறவர்கள் வாயில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். முத்துலட்சுமி அம்மையாரின் தங்கைக்குக் கிடைக்காத வாய்ப்பு இன்று எல்லோருக்கும் இருக்கிறது. நோயை ஆரம்பத்திலேயே கண்டால் பலரைக் குணப்படுத்தலாம்.

1956-ல் அம்மையாருக்கு மத்திய அரசு 'பத்மபூஷண்' விருது வழங்கியது. 1968-ம் ஆண்டு ஜூலை 22-ந் தேதி, 82-வது பிறந்த நாளுக்கு எட்டு நாட்கள் இருந்தபோது அவர் காலமானார்.

தமிழ்நாட்டில் ஏழைக் கர்ப்பிணிகளுக்கான நிதி உதவித் திட்டம் அவர் பெயரில் நடக்கிறது. 12 படுக்கைகளுடன் தொடங்கிய அடையாறு மருத்துவமனை பெரிதாக வளர்ந்து, புற்றுநோய் மருத்துவத்தில் மேற்படிப்பும் ஆராய்ச்சியும் நடத்துகிறது. அங்கு உள்ள கல்லூரிக்கும் முத்துலட்சுமி அம்மையாரின் பெயரே சூட்டப்பட்டுள்ளது.