மரச் சில்லிலும் புத்தரைக் கண்ட பிக்ஷு என்கூ

பொன் பூசிய புத்தர் திருவுருவங்கள் உலகில் பல உண்டு. விறகுக் கட்டையில் வெட்டிய வடு மறையாமல் புன்முறுவல் பூத்து நிற்கும் புத்தரைக் காண விழைவோர், ஜப்பான் நாட்டுப் பிக்ஷு என்கூவின் சரிதையை அறிதல் வேண்டும்.

என்கூ 1632-ஆம் ஆண்டில், இன்று கிபு எனப்படும் மாநிலத்தைச் சார்ந்த மினோ நாட்டில் பிறந்தார். இளமையிலேயே நகரா ஆற்று வெள்ளத்தில் தாயைப் பறிகொடுத்தார் என்பது அந்நாட்டார் வழிவழியாகக் கூறும் செய்தி. துறவு பூண்ட பின் ஒரு விகாரையிலும் நிலைத்திராது, நாடெங்கும் நடந்தே திரிந்தார். 1,20,000 திருவுருவங்கள் செதுக்குவதாக விரதம் பூண்டார் என்பர். இன்று கிடைத்திருப்பவை மட்டும் 5,000-க்கு மேற்பட்டவை.

1666-ஆம் ஆண்டில் வடக்கேயுள்ள ஹிரோசாகி நகரினின்று அதிகாரிகள் அவரை வெளியேற்றினர். அவர் மனம் நொந்து திரும்பினாரில்லை. கடல் கடந்து ஹொக்கைடோ தீவை அடைந்து, அங்குள்ள கடற்கரைச் சிற்றூர்களுக்குப் புத்தர்களைச் செதுக்கி அளித்தார்.

அக்காலத்து நகரச் சிற்பிகள் பல மரத்துண்டுகளை இணைத்து, அரக்குப் பூசி, பொன் தகடு ஒட்டினர். அதற்குச் செல்வர் பொருள் தரவேண்டும். என்கூவோ கட்டையை இரண்டாகவும் நான்காகவும் பிளந்தார். வெட்டுக்கத்தியாலும் உளியாலும் விரைந்து செதுக்கினார். வண்ணமும் பூசாது விட்டார். சிதறிய சில்லுகளையும் எறிந்தாரில்லை. அவற்றிலும் கண்ணும் வாயும் கீறிச் சிறு புத்தர்களாக்கினார். நகோயாவிலுள்ள அரகோ விகாரையில் மட்டும் அவருடைய உருவங்கள் 1,200-க்கு மேல் உள்ளன. ஆலையில் கழிவுப் பஞ்சைக் கூட்டி அள்ளிய நாம், சில்லையும் வீணென்று தள்ளாத அக்கையின் அருமையை நன்கு உணர்கிறோம்.

ஹிடா மலைநாட்டுச் செங்கோஜி விகாரையில், வேரூன்றி நின்ற மரத்திலேயே வாயிற்காவலர் உருவை அவர் செதுக்கினார். அங்கே முப்பத்து மூன்று அவலோகிதர் உருவங்களையும் சமைத்தார். ஊரில் எவரேனும் நோயுற்றால், அவற்றுள் ஒன்றை இரவல் பெற்றுத் தம் வீட்டில் வைத்துக் கொள்வார்கள். சில திரும்பி வரவில்லை. இன்று எஞ்சியவை முப்பத்தொன்று. குறைந்த இரண்டையும் நாம் இழப்பாகக் கருதவில்லை. அவை எந்த ஏழையின் பாயருகில் வைக்கப்பட்டனவோ, அங்கேயே தம் கடமையை முடித்தன என்போம்.

முதுமையில் நகரா ஆற்றங்கரைக்கே மீண்டு, செகி என்னும் ஊரில் மைத்திரேயர் பெயர் தாங்கிய மிரோகுஜி விகாரையைப் புதுப்பித்தார். 1695-ஆம் ஆண்டில் அவ்விடத்திலேயே மறைந்தார்.

அன்பர்களே! நம் இல்லங்களில் பொன்னுருவம் இல்லையே என்று வருந்தற்க. நோயுற்ற அயலார் வீட்டிற்கு நம் புத்தர் செல்கிறாரா என்பதையே நாம் நம்மைக் கேட்டுக்கொள்ளுதல் வேண்டும்.