அருவியில் விளக்கைக் கண்டவர்

2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் இலங்கை முழுவதும் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது. எரிபொருள் வாங்கப் பணமில்லை. மலைநாட்டு நீர்த்தேக்கங்களிலும் நீர் வற்றியிருந்தது. ஹற்றனில் என் இல்லத்துக்கு மாலைவேளைகளிற் பாடங் கேட்க வரும் மாணவர் சிலர், அன்று ஒரு மெழுகுவர்த்தியைச் சுற்றி அமர்ந்திருந்தனர். பாடத்தை விட்டு விளக்கைப் பற்றியே பேச்சுத் திரும்பியது. அவர்கள் மூன்று வினாக்களை எழுப்பினர்.

புதிதாக வாங்கிய பற்றரி இரண்டு மணிநேரத்தில் ஓய்ந்து போவதேன் என்பது முதல் வினா. இதற்கு விடை எளிய கணக்கிலேயே அடங்கியுள்ளது. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி என்று எழுதிய ஈயப் பற்றரியில் ஏறத்தாழ 1,200 வாட்-மணி மின்விசை இருக்கும். அதிற் பாதியைத்தான் அதன் ஆயுளுக்கு ஊறின்றி எடுக்கலாம். தொலைக்காட்சி, மின்விசிறி, விளக்குகள் என்று 300 வாட் சுமையை அதன்மீது ஏற்றினால் இரண்டு மணிநேரம். 60 வாட் அளவில் விளக்குகளை மட்டும் ஏற்றினால் பத்து மணிநேரம்.

முற்றும் வெறுமையான பின்னரே பற்றரிக்கு மின்னேற்ற வேண்டுமா என்பது இரண்டாம் வினா. கூடவே கூடாது. வெறுமையாய்க் கிடக்கும் ஈயப் பற்றரியின் தகடுகளில் உப்புப் படிகங்கள் இறுகிப் படியும். பின்னர் எவ்வளவு மின்னேற்றினாலும் அது பழைய வலிமையைப் பெறாது. வடிநீர் குறைந்தால் ஊற்ற வேண்டும். மின்னேறும்போது எரியக்கூடிய வாயு வெளிப்படுமாதலால், காற்றோட்டமில்லாத லயக் காம்பராவின் மூலையில் அதனை வைத்தலாகாது. இவற்றையெல்லாம் நூலிற் கற்பதற்கு முன் பட்டறிவாற் கற்றவன் நான். இளமையில் எங்கள் லயத்து வானொலிக்காக வாங்கிய கார்ப் பற்றரி ஒன்றை, மழைக்காலத்தில் ஒரு மாதம் மின்னேற்றாமற் போட்டுக் கெடுத்த பெருமை என்னையே சாரும்.

மூன்றாம் வினாவே என்னைச் சிந்திக்க வைத்தது. வீட்டுக்குப் பற்றரி இருப்பதுபோல நாட்டுக்குப் பற்றரி உண்டா? உண்டு என்றேன். நாள்தோறும் பேருந்தில் நீங்கள் கடந்து செல்லும் காசல்ரீ நீர்த்தேக்கமே அது. 1,000 லிட்டர் நீர் 450 மீட்டர் உயரத்திலிருந்து வீழ்ந்தால், இழப்புகளை நீக்கிப் பாராதபோது, நான் முன்னர்க் கூறிய பற்றரி முழுவதிலும் உள்ள அளவு மின்விசை கிடைக்கும். மழை அதற்கு மின்னேற்றுகிறது. மலை அதனைத் தாங்கி நிற்கிறது. இந்த உண்மையை நம் மலைகளில் முதன்முதற் கணக்கிட்டுக் காட்டிய மனிதர் யார் என்று கேட்டேன். விடையளிப்பார் ஒருவருமில்லை. ஆகவே அவருடைய வரலாற்றைச் சொல்லத் தொடங்கினேன்.

டி. ஜே. விமலசுரேந்திரா 1874ஆம் ஆண்டு காலியிற் பிறந்தவர். பொறியியல் கற்றுப் பொதுவேலைத் திணைக்களத்திற் சேர்ந்தார். உயர் பதவிகளெல்லாம் ஆங்கிலேயர் கையில் இருந்த காலம் அது. மஸ்கெலியா ஓயா, கெஹெல்கமு ஓயா பாயும் மலைகளிற் பொன் உண்டோ என்று ஆராயச் சென்றவர், லக்ஷபான அருவியையும் அபர்டீன் அருவியையும் கண்டார். வழிப்போக்கர் அழகைக் கண்டு மகிழும் இடத்தில் அவர் வீணாகும் விசையைக் கண்டார். பொன்னைத் தேடிச் சென்ற கண்ணுக்குப் புனலே பொன்னாயிற்று.

கனவு கண்டதோடு அவர் நிற்கவில்லை. நானு ஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளாக்பூல் என்னுமிடத்தில் 1912இற் சிறியதொரு நீர்மின் நிலையத்தை அமைத்து, நுவரெலியா நகருக்கு ஒளி தந்தார். சிறிய அளவிற் செய்து காட்டியதைப் பெரிய அளவிலும் செய்யலாம் என்று 1918இல் இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன் ஓர் ஆய்வுரையைப் படைத்தார். நிலக்கரியும் எண்ணெயும் கடல்கடந்து வரவேண்டியவை. நீரோ நம் மலையில் ஆண்டுதோறும் பெய்வது. முதலீடு பெரிதாயினும், அணை எழுந்த பின் எரிபொருட் செலவே இராது. இன்று பள்ளிச் சிறுவனுக்கும் விளங்கும் இந்த நியாயம் அன்றைய ஆட்சியாளரை எளிதில் அசைக்கவில்லை.

1924இல் லக்ஷபானத் திட்ட வேலை தொடங்கியது. சில ஆண்டுகளில் நின்றுபோயிற்று. ஒரு பொறியியலாளனுக்குத் தான் வரைந்த திட்டம் பாதியிற் புல் முளைத்துக் கிடப்பதைவிடப் பெருந்துயர் வேறில்லை. விமலசுரேந்திரா அரச சேவையிலிருந்து ஓய்வு பெற்றார். ஆயினும் ஓய்ந்தாரில்லை. கோப்புகளால் ஆகாததை மக்கள் மன்றத்தில் முயல்வோம் என்று 1931இல் இரத்தினபுரியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவாகி, அங்கும் நீர்மின் திட்டத்துக்காகவே வாதாடினார். 1938இல் வேலை மீண்டும் தொடங்கியது; உலகப் போர் குறுக்கிட்டது. நோர்ட்டன் பிரிட்ஜில் அணை எழுந்து, 25 மெகாவாட் ஆற்றலுடன் லக்ஷபான மின்நிலையம் இயங்கியது 1950இல்.

ஆய்வுரைக்கும் விளக்குக்கும் இடையே 32 ஆண்டுகள். 44 வயதிற் சொன்னதை 76 வயதிற் கண்டார். மூன்றாண்டுகள் கழித்து, 1953இல் மறைந்தார். காசல்ரீ நீரைக் கொண்டு நோர்ட்டன் பிரிட்ஜில் 1965இல் இயங்கத் தொடங்கிய 50 மெகாவாட் மின்நிலையத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

வரலாற்றை இத்துடன் முடித்திருக்கலாம். ஆனால் ஒரு மாணவி இடைமறித்து, அந்த மின்சாரம் முதலில் நம் லயங்களுக்குத்தானே வந்திருக்கும் என்று கேட்டாள். அவளுக்கு நான் உண்மையையே சொல்ல வேண்டியிருந்தது.

என் தந்தையார் அந்த நோர்ட்டன் அணை வேலையிற் கல் சுமந்தவர். அணை முடிந்தது, மின்கம்பிகள் எங்கள் தேயிலை மலைக்கு மேலாகக் கொழும்பை நோக்கிச் சென்றன. துரையின் பங்களாவும் தொழிற்சாலையும் ஒளிர்ந்தன. எங்கள் காம்பராவில் எரிந்தது குப்பி விளக்கு. நான் படித்ததும் அதன் புகையிலேதான். மலையகத்து லயங்கள் பலவற்றுக்கு மின்சாரம் வந்தது பல பத்தாண்டுகளின் பின்னரே. என் தந்தையார் தாம் சுமந்த கல்லினால் எழுந்த ஒளியைத் தம் வீட்டிற் காணாமலே கண்மூடினார்.

இதற்காக விமலசுரேந்திராவை நான் நொந்துகொள்வதில்லை. அருவியிலிருந்து விளக்கு வரை வழியுண்டு என்று காட்டியவர் அவர். அந்த வழியை எந்த வாசலோடு நிறுத்துவது என்று முடிவு செய்தவர்கள் வேறு. அறிவு ஒருவர் முயற்சியாற் பிறக்கலாம். அதன் பயன் எல்லாருக்கும் எட்டுவதற்கு மற்றொரு முயற்சி வேண்டும். அந்த இரண்டாம் முயற்சிக்கும் ஒரு விமலசுரேந்திராவின் பொறுமை தேவைப்படுகிறது.

பேசி முடித்தபோது மெழுகுவர்த்தி அடிவரை உருகியிருந்தது. சிறிது நேரத்தில் மின்சாரம் வந்தது. மாணவர்கள் ஆரவாரித்துப் புத்தகங்களைத் திறந்தனர். அந்த மாணவி மட்டும் எழுந்து சன்னலருகே சென்று, எதிர்மலைச் சரிவில் தன் லயத்திலும் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு வந்தமர்ந்தாள்.